முதல் விக்கெட் பந்து

பழனி பஸ்ஸில் என் முன்சீட்டுக்காரர், வெம்பிய கொய்யா போன்ற ஒரு பழைய கிரிக்கெட் பந்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இந்தப் பந்துலதான் நான் அவுட்டானேன்."

பக்கத்திலிருந்தவர் சிரித்தார். "இதுல என்ன பெருமை மச்சான்?"

"போட்ட பய இப்ப இந்தியாவுக்கு ஆடுறான்ல! அவனோட முத விக்கெட்டே நாந்தான். பந்தை நல்ல வெலைக்கு வாங்க சென்னையில ஆள் நிக்கிது. ஆனா, நான் அவுட்டுன்னு அன்னைக்கு நின்ன அம்பயர் வாயால சொல்லணுமாம்."

"பந்து என்னுது, தூக்கிட்டுப் போயிருவேன்னு மிரட்டி, அவரை அன்னைக்கே நாட்-அவுட்டுன்னு மாத்திச் சொல்ல வச்சியேப்பா?"

"அதான் கெஞ்சிட்டு வாரேன். அவுட்டாகுறதுக்கு இம்புட்டு அலையிற பேட்ஸ்மேன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்."

"என்ன சொன்னாரு?"

"'நீ சுத்தமா அவுட்டுதாம்ப்பா. ஆனா, தீர்ப்பை ஒரு தடவைக்கு மேல மாத்த மாட்டேன்'னுட்டாரு."