பசியாவரத்து மல்லிப் பந்தல்

அங்க தோண்டாதீங்க சார், அது வெறும் கிளிஞ்சலு. வரப்பு மாரி அழகா இருக்கட்டும்னு நாங்க ரெண்டு பேருந்தான் அடுக்குனோம். இப்பிடி வேலியோரமா எடுங்க. வெயிலு ஏறுது, குடைய புடிக்கட்டுமா? வேணாமா, சரி. அவரு வர இன்னும் அரமணி நேரம் ஆவும். திருப்பாலைவனத்துலேர்ந்து செம்மண்ண ஏத்தியாந்து, பழவேற்காட்டுக் கரையில படவுக்கு மாத்திகினு வரணும் இல்ல. இன்னிக்கு ஏழு மூட்டைன்னு சொல்லிட்டுப் போனாரு.

ஆமா, எங்க வூட்டுக்காரருதான் உங்களுக்குப் போன் பண்ணது. மூணு தபா செடி வெச்சி மூணு தபாவும் கருகிடுச்சி, மண்ண டெஸ்ட் பண்ணி இன்னா கோளாறுன்னு சொல்லுங்கன்னு கேட்டாரா? அதான். நான் அம்மணி. ஏரித் தண்ணில கையால தடவி எறா புடிக்கிற பொம்பள நானு, தோட்டத்தப் பத்தி எனக்கு இன்னா தெரியும். அவருக்கும் தெரியாது. மொத தபா இன்னா பண்ணோம்னு கேளுங்க. எறா தடவறப்ப காலுக்குக் கீழ சேறு கருப்பா, வெண்ண மாரி வழுவழுன்னு இருக்கும். இத வுட நல்ல எரு ஏதுன்னு அம்பது கூடை வாரியாந்து கொட்டுனோம். போதாததுக்கு எறாத் தலைய வேற பொதச்சோம். ஒரே வாரந்தான். செடி செத்துப்பூடுச்சி, ஊரு காக்கா அத்தினியும் எங்க வாசல்ல. சிரிங்க சார், ஊரே சிரிச்சிது. நாங்களுந்தான் சிரிச்சோம். பொண்ணு போன அப்பால அவரு சிரிச்சி அன்னிக்குத்தான் பாத்தேன்.

தேவதர்ஷினின்னு பேரு. ஒரே பொண்ணு. மீஞ்சூர்ல வேலைக்குப் போயிகினு அங்கயே ரூம் எடுத்துத் தங்கியிருந்தா. சனிக்கெழம வந்தா போன்ல தோட்டப் படமாக் காட்டுவா. நைனா, வாசல்ல ஒரு மல்லிப் பந்தலு, ஒரு பாதாம் மரம், அதுக்குக் கீழ உக்கார ஒரு மேடை, வேற ஒண்ணும் வேணாம் எனக்குன்னுவா. இவரு, இந்த எறா சீசன் முடியட்டும், அடுத்த சீசன் முடியட்டும்னு நாளத் தள்ளிகினே இருந்தாரு. ஐப்பசில ஜொரம் வந்துது. ஒம்போது நாளு. ரெண்டு வருசம் ஆவுது சார்.

செஞ்சி குடுக்கலியேன்றதுதான் அவர அரிச்சிட்டுது. ஆறு மாசம் பாய வுட்டு எழுந்திரிக்கல. ஒரு நாள் காலைல தனியா படவத் தள்ளிகினு முகத்துவாரம் பக்கம் போயிட்டாரு. என் தம்பி மாசிலாமணி நண்டு வலைய எடுத்துகினு வரான், படவு காலியா மெதக்குது, இவரு தண்ணில. நடக்கறதுக்கு முன்னயே நீந்தக் கத்துக்கினவரு சார். நீந்தல. தம்பிதான் முடியப் புடிச்சி இழுத்து மேல போட்டான்.

அப்பால ஒரு வாரம் கழிச்சி தானா எழுந்து கடப்பாரைய எடுத்தாரு. பாப்பா கேட்டத முடிச்சிக் குடுத்துட்றேன், அதுக்கு மேல எனக்கு இங்க இன்னா வேலன்னாரு. நான் முன்னால சொன்னத மட்டுந்தான் காதுல வாங்குனேன். பின்னால சொன்னத வாங்கல. பைத்தியக்காரி, சந்தோசப்பட்டேன். அவரு உப்பு மணல வெட்டுவாரு, நான் கூடையில வாரிப் போடுவேன். மேடை இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு ஒரு நாளு முழுக்க சண்ட. ஆடு மேயாம இருக்க பழைய வலைய சுத்திக் கட்டுனோம். கல்யாணம் ஆன புதுசுல கூட நாங்க அவ்ளோ பேசுனதில்ல.

சேறு சரிப்படலன்னு, அப்பால செம்மண்ணு கொண்டாந்தாரு. மல்லி புடிச்சிக்கிச்சி. கொடி பந்தல்ல பாதி ஏறிடுச்சி. ஒரு நாளு சாயந்தரம் பதினோரு மொக்கு. ஒண்ணு ஒண்ணா தொட்டுத் தொட்டு எண்ணுனாரு. அன்னிக்கு நண்டுக் கொழம்ப ரெண்டு தபா ஊத்திக்கினு சாப்ட்டாரு. எனக்கு மனசு குளுந்து போச்சி. கை கழுவிட்டு மாசிலாமணியக் கூப்ட்டாரு. ஆணில மாட்டியிருந்த வீச்சு வலைய எடுத்து அவன் கைல குடுத்து, இந்தாடா, எனக்கு இனிமே எதுக்கு, நீ வெச்சிக்கோன்னாரு. சிரிச்ச மொகமாத்தான் குடுத்தாரு.

வலைய ஒருத்தன் தானம் பண்ணா அதுக்கு இன்னா அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாது சார், நீங்க வெளியூரு. எனக்குத் தெரியும்.

மக்கா நாளு அவரு மண்ணு எடுக்கப் போனதும், ஏரி உப்புத்தண்ணிய ரெண்டு கொடம் மொண்டாந்து வேருல ஊத்திட்டேன். நாலு நாள்ல எல ஓரமெல்லாம் கருகிப்பூடுச்சி. உக்காந்து அழுதாரு. அழுதுட்டு மறுபடியும் கடப்பாரைய எடுத்தாரு. அடுத்த தபா மொக்கு கட்டறப்பவும் நான்தான் ஊத்துனேன். பெத்த பொண்ணு ஆசப்பட்ட செடி சார். ஊத்திட்டு உள்ள போயி வாயில துணிய அடைச்சிகினு அழுவேன். பாப்பாக்கிட்ட மன்னிப்புக் கேப்பேன். அவளுக்குப் புரியும், அவங்கப்பா மேல அவளுக்கு உசுரு.

அது படவு சத்தந்தான், வந்துட்டாரு. கைல இருக்கற மண்ணு டப்பாவ மூடுங்க. உங்களப் பொய் சொல்லச் சொல்லல, மண்ணுல உப்பு இருக்கறது நெசந்தானே. எப்பிடி வந்துதுன்னு மட்டும் சொல்லாதீங்க. இன்னும் ரெண்டடி தோண்டணும்னு சொல்லுங்க சார். மூணடின்னாலும் தோண்டுவாரு.