பாலத்தின் நடுவே நின்ற சவப்பெட்டி

பேச்சு நீண்டால் அடிப்பதற்கென்றே மணியோடு அமர்ந்திருக்கும் தலைவர் திருமதி மோர்வெனா லேங் அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்தோரே! விடியலிலேயே ஸ்கோன் ரொட்டி சுட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மாரே! மர்ரே ஆற்றின் இருகரை மக்களே, வணக்கம்!

நம் புதிய பாலத்துக்குத் தச்சர் சைலஸ் குவென்னல் பெயரைச் சூட்டலாமா என்று முடிவெடுக்கக் கூடியிருக்கிறோம். பழைய பாலம் கடந்து வந்தீர்களே, யாராவது மறித்தார்களா? என்ன, மாடு மறித்ததா? மாடு மறிக்கலாம் ஐயா! அன்று மனிதன் மறித்தான். ஒரே ஆஸ்திரேலிய மண். அதில் ஆறு குடியேற்றங்கள், ஆறு அரசுகள், ஆறு சுங்கச் சட்டங்கள்!

எதிர்க்கரை நியூ சவுத் வேல்ஸ் மரச்சாமான் நம் விக்டோரியாவுக்குள் வந்தால் வரி போடு என்று வீடுவீடாகக் கையெழுத்து வாங்கியவர் யார்? இதே சைலஸ். "எல்லாம் ஒண்ணாச் சேந்துட்டா என் நாற்காலிய எவன் வாங்குவான்?" என்பார். ஊரும் தலையாட்டியது.

எதிர்க்கரையில் வாழ்க்கைப்பட்ட அவர் அக்கா ஹெஸ்டர் இறந்தார். இக்கரையில் தாயின் கல்லறைக்கருகே புதைக்க வேண்டும் என்பது அவருடைய கடைசி ஆசை. பெட்டியோ அக்கரைத் தச்சன் செய்தது. பாலத்தின் நடுவே சுங்க அதிகாரி பர்டெக் வண்டியை நிறுத்தினார்.

"உள்ள எங்க அக்கா இருக்காங்கடா."

"அக்காவுக்கு வரி இல்லண்ணே. பெட்டிக்குத்தான். நீங்க கேட்டு வாங்குன சட்டம்தானே."

சைலஸ் வரியைக் கட்டினார், ரசீதை வாங்கினார், அக்காவைப் புதைத்தார்.

ஆறு குடியேற்றங்களும் ஒரே நாடாக ஒன்றிணைவதா என்ற வாக்கெடுப்புக்கு முந்தின நாள், 'வேண்டாம்' என்போர் இதே மண்டபத்தில் கூடினார்கள். பேச வேண்டியவர் சைலஸ். அவர் கையில் அந்த ரசீது.

"எங்க அக்காவ 'மரச்சாமான் ஒண்ணு'ன்னு எழுதியிருக்கு. எழுதுனவன் பர்டெக். எழுத வெச்சவன் நான். நாளைக்கு எல்லாரும் 'ஆம்'னு போடுங்க."

முதலில் எழுந்து தொப்பியைக் கழற்றியவர் யார் தெரியுமா? பர்டெக்! மறுநாள் ஊரே 'ஆம்' என்றது. ஆறு குடியேற்றங்களையும் அவர் ஒருவரே இணைத்தார் என்று நான் புளுகமாட்டேன். இந்த ஊரை இணைத்தார்.

வரி கேட்டவனுக்கா பாலம் என்கிறார்கள் சிலர். தான் எழுப்பிய சுவரைத் தன் கையாலேயே இடித்தவனுக்கு இல்லாமல் வேறு யாருக்கு? மணியை எடுக்காதீர்கள் தலைவரே, முடித்துவிட்டேன். ஆனால் சைலஸ் இங்கே இருந்தால் தன் பெயரை ஏற்பாரா? மாட்டார். ஆகவே கேட்கிறேன்: ஹெஸ்டர் பாலம் என்று வையுங்கள். எந்தத் தாளும் காட்டாமல் அந்த அக்கா இருகரையும் போய்வரட்டும். செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.