கண்ணு தொறந்த படம்

ஆங், உக்காரு வளவா. டீ சொல்லிட்டேன், வந்துரும். குவைத்துலேர்ந்து நேத்துதான் வந்தியா? அய்யோ, அக்கா போயி பதினோரு நாளு ஆச்சே. தம்பிக்காரன் வர வரைக்கும் வச்சிருக்கக் கூடாதான்னு அம்மையார்குப்பம் பூரா பேசிகினு கீது. காலைல பாத்ரூம்ல வழுக்கி உழுந்துருச்சுன்னாரு அக்கா புருசன், உன் பாவா, சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் எரிச்சுட்டாரு. இன்னா அவசரமோ.

இன்னாது, வூட்ல மாட்டியிருக்கற படம் வேணாமா? கண்ணு மூடிகினு இருந்த ஒரிஜினல்தான் வேணுமா? பொறு நைனா, சொல்றேன்.

இந்தக் கோயில் மலைக்குக் கீழ முப்பத்தோரு வருசமா கட வச்சிருக்கேன். முன்னல்லாம் மொட்ட போட்டுட்டு, சந்தனம் பூசிகினு, படம் புடிக்க வரிசைல நிப்பாங்க. இப்ப அவனவன் கைல செல்லு. உசுரோட இருக்கறவன் எவன் என்னாண்ட வரான்? பொணத்துக்கு மட்டும்தான் இந்த பக்தவச்சலம் வேணும். நாற்காலில உக்கார வச்சு, முதுகுப் பக்கமா துண்டால கட்டி, சுத்தி குடும்பத்த நிக்க வச்சு எடுப்பேன். அப்பறம் இங்க வந்து கண்ணத் தொறப்பேன். அந்தக் காலத்துல பிரஷ்ஷால, இப்ப மவுஸால. அவங்க கல்யாண போட்டோலேர்ந்தே கண்ண எடுத்து வச்சுருவேன், அப்பதான் ஒத்துப் போவும்.

மூஞ்ச சுளிக்காத. உள்ளத சொல்லட்டா, எனக்குப் பொணத்தப் பாக்கப் புடிக்கும். மொத தபா மூஞ்சத் திருப்பிகினேன், அப்பறம் கண்ண எடுக்க முடியல. உசுரோட இருக்கறவன அர நிமிசம் உத்துப் பாரு, இன்னாடா மொறைக்கறன்னு சண்டைக்கு வருவான். பொணம் பாக்க உடும். காது மடிப்பு, மோவாயில சின்ன வயசுத் தழும்பு, எல்லாத்தயும் நிதானமா பாக்கலாம். கிறுக்கு புடிச்சுகிச்சுன்னு என் சம்சாரம் ஜெயம்மா சோறு போட்டுகினே திட்டுவா. ஏன், மெட்ராஸ்ல டாக்டருக்குப் படிக்கற புள்ளைங்க அதத்தான மேசையில போட்டு பாக்குதுங்க? சாவு வூட்டுக்கு வரவன்லாம் செல்லத் தூக்கிப் புடிக்கறானே, அவன் துக்கத்துலயா புடிக்கறான்?

உங்க அக்கா... ம். ஷோபனா கல்யாணத்துக்கும் நான்தான் எடுத்தேன். அன்னிக்கி கேமராவப் பாக்க வெக்கப்பட்டு சிரிச்சுகினே இருந்துச்சு. பாவம், இந்த தபா அசையவே இல்ல. மாலைய மோவாய் வரைக்கும் ஏத்திப் போட்டிருந்தாங்க. நாற்காலிக்குத் தூக்கும்போது அது எறங்கிப் போச்சு. எல்லாரும் அழுதுகினு இருந்தாங்க, யார் பாத்தா? நான் பாத்தேன், கேமரா வழியா.

இல்ல நைனா, ஒரிஜினல் இல்ல. கம்ப்யூட்டர்ல கண்ணு தொறந்தத அது மேலயே சேவ் பண்ணிட்டேன். மறுநாள் ஆடிக்கிருத்திக கூட்டம், அதிசயமா ஒரு குடும்பம் மொட்ட போட்டோவுக்கு வந்துச்சு, கேமரா கார்ட அழிச்சுட்டு அதுலயே எடுத்துட்டேன். சத்தியமா இல்ல. டேபிள உடு, ஒடஞ்சுரும். போலீசா? வரேன், ஏன் வர மாட்டேன்? பாத்தத சொல்றேன். காட்டறதுக்குத்தான் கைல ஒண்ணும் இல்ல.

இன்னாத்தப் பாத்தியான்னா... வழக்கமா படத்துல பண்ற வேலதான் பண்ணேன். மூக்குல இருந்த பஞ்ச எடுத்தேன். வாய்க்கட்ட எடுத்தேன். நெத்திக் காச எடுத்தேன். கழுத்துல செவப்பா, கறையாட்டம் அஞ்சு எடத்துல இருந்துச்சு, அதயும் ஒண்ணொண்ணா அழிச்சுகினு வந்தேன். மூணாவத அழிக்கும்போதுதான் புரிஞ்சுது, அது வெரலுன்னு. அழிக்கச் சொல்லி யாரும் சொல்லல, உன் பாவா கூட சொல்லல. படம் நல்லா வந்துகினு இருந்துச்சு. மீதி ரெண்டையும் அழிச்சுட்டேன்.