சேரின் மகள்

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பலசரக்குக் கடையில் காசு கட்டும் வரிசை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள்.

“உன்ரை அப்பா, எங்கடை சேர், பயிற்சி குடுத்த காலத்திலை எங்கடை பள்ளிக்கூடம் சொஃப்ட்போல் விளையாட்டிலை தோத்ததே இல்லை. நாளைக்கு ஊரிலை அவற்றை செத்தவீட்டிலை பழைய பிள்ளையள் துடுப்பைத் தூக்கிப் பிடிக்க, அதுக்குக் கீழாலை சவப்பெட்டி போகுமாம்.”

“ஓம்.”

“எங்களிலை திறமா அடிச்சவள் நீதானடி. சேர் ஏன் உன்னை ஒரு போட்டியிலையும் இறக்கேல்லை?”

“சொந்தப் பிள்ளையை இறக்கினா சனம் கதைக்குமாம். தண்ணிப்போத்தல் தூக்க விட்டவர்.”

“கோவமில்லையே?”

“இருந்தது. ஒருநாள் நேரை கேப்பம் எண்டிருந்தன். வதிவிடக் கார்ட் கிடைக்காமல் இஞ்சையிருந்து ஊருக்குப் போகேலாதே.”

கடைக்காரர் கூப்பிட்டார். சேரின் மகள் கறிவேப்பிலையை எடுத்து மேசையில் வைத்தாள்.

“வீடியோவிலை பாப்பன். துடுப்புப் பிடிக்கிற பிள்ளையளிலை நாளைக்கும் நான் இல்லை.”