அம்மைக்குக் கல்யாணம், மாமாவுக்கு முறை

அந்தப் பெண் தன் தாயை முதியோர் இல்லத்தில் தள்ளப்போகிறாள் என்றே முதலில் நம்பினேன். ஆரல்வாய்மொழிப் பேருந்தில் முன் இருக்கையில் இருந்தவள், பக்கத்தில் இருந்த தாய்மாமனிடம் சொன்னது அப்படி: "நாளைக்கு அம்மைய அனுப்பியாச்சுன்னா எனக்கு நிம்மதி மாமா."

விடுதியில் படிக்கும் என் மகளுக்கு, 'அப்பா இப்போதும் மூச்சு வாங்காமல் மாடி ஏறுகிறேன்' என்று வாட்ஸ்அப் அனுப்பிவிட்டுத்தான் மீதியைக் கேட்டேன்.

"அம்பது வயசுல கல்யாணமாட்டி அவளுக்கு?" என்று மாமா எரிந்து விழுந்தார். "உங்கப்பா போயி இத்தன வருசம் ஒழுங்கா இருந்தால்லா?"

"ஒத்தையில இருந்தா. நான் துபாய்க்குப் போயிட்டா செவுத்தோடயா பேசுவா?"

"மக தாய்க்குக் கல்யாணம் பண்ணி வைக்கது எந்த ஊரு முறைட்டி?"

"அதுக்குத்தான் உங்கள விளிக்கேன். கூடப்பொறந்தவரு நீங்க கையப் பிடிச்சுக் குடுங்க."

"மாட்டேன். முறைய மாத்தப்பிடாது."

"மாத்தப்பிடாதா? அந்தக் காலத்துல நம்ம ஆளுகளுக்கு மருமக்கள்வழி. மாமன் சொத்து தங்கச்சி பிள்ளைகளுக்கு. அந்த முறை மாறாம இருந்தா, நீங்க இருக்க வீடு எனக்குல்லா மாமா?"

மாமா சன்னலை மூடினார், திறந்தார். "நாக்கப் பாரு! படிக்க வச்சது தப்பாப் போச்சு."

பூச்சந்தை இருக்கும் தோவாளை வந்தது. அவள் கல்யாண மாலை வாங்க இறங்கினாள். "பூவப் பாத்து வாங்கத் தெரியுமாட்டி ஒனக்கு?" என்று சிடுசிடுத்தபடி, ஆரல்வாய்மொழிக்கு டிக்கெட் எடுத்திருந்த மாமாவும் அவள் பின்னாலேயே இறங்கினார்.