மோடம் சுவிட்சில் மாட்டிய சிவப்பு அட்டை

ஞாயிறு மதியம், காலை ஷிப்ட் முடிந்து டவுன்ஷிப்புக்குத் திரும்பும் கம்பெனி பஸ். முன் சீட்டில் யூனிபார்மோடு இரண்டு பேர். மூத்தவர் சொன்னதைக் கேட்டுத்தான் நான் நிமிர்ந்தேன்.

“காலையில வூட்டு வைஃபைக்கு ஷட்டவுன் எடுத்தேன்.”

“எதுக்குண்ணே?” என்றார் இளையவர்.

“பொண்ணு பெங்களூர்ல இருந்து ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு ஆன்லைன்ல வரும். ரெண்டு பேரும் கையில வெச்சு ஆடுற கேம் மிஷின்ல கார் ரேஸ் ஓட்டுவோம். மூணு வாரமா என் மிஷின் நெட்டைப் பிடிக்கல.”

“பாஸ்வேர்டு பாத்தீங்களா?”

“எல்லாம் பாத்தாச்சு. மோடம் பதிமூணாம் சேனல்ல ஓடிக்கினு இருந்துது. பழைய மிஷினுக்குப் பதினொண்ணு வரைக்கும்தான் எட்டும். ஆறாம் சேனலுக்கு மாத்திட்டு, கொஞ்சம் ஆறட்டும்னு ஆஃப் பண்ணி, சுவிட்ச்ல சிவப்பு அட்டை மாட்டினேன். ‘ஆள் வேலை செய்கிறார், போடாதே’ன்னு பிளான்ட்ல மாட்டுவோமே, அந்த மாதிரி. அதுக்குள்ள ஷிப்ட் பஸ் வந்துடுச்சு.”

“வூட்டுல அக்காவை சுவிட்சைப் போடச் சொல்றதுதானே.”

“போன் பண்ணேன். மாட்டுனவங்கதான் எடுக்கணும், போன்ல சொன்னா செல்லாதுன்னுட்டா.”

இளையவர் சிரித்தார். மூத்தவர் சிரிக்கவில்லை.

“அவ அப்பா, என் மாமனாரு, வேற ஊர்ல ஒரு மில்லுல மிஷின் ஃபிட்டரா இருந்தாரு. அவர் மாட்டுன அட்டையை இன்னொருத்தன் எடுத்துட்டு சுவிட்சைப் போட்டுட்டான். அவருக்கு ஒரு கை போச்சு.”

பஸ் ஒரு நிறுத்தம் தாண்டியது. மூத்தவர் வாட்சைப் பார்த்தார்.

“டபுள் டூட்டிக்குக் கேட்டாங்க. வேணாம்னுட்டேன். மூணு மணிக்குள்ள நான்தான் போயி அட்டையை எடுக்கணும்.”