சென்சார்தான் என்று சொன்னவன் நான்

நான் வாயைத் திறக்கும் முன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்ட, தலைமை நாற்காலியை அலங்கரிக்கும் கடைசல் பட்டறைப் பெரியவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் சங்கப் பொறுப்பாளர்களே, கிரீஸ் கறை போகாத கைகளைக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த மெக்கானிக்குகளே, ஓட்டிப் போனவர் திரும்பி வரும்வரை உள்ளம் பதைத்திருக்கும் தாய்மார்களே, ஸ்பேனரும் ஸ்டியரிங்கும் பிடித்து ஊரை ஓடவைக்கும் என் உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் பயந்திருப்பது பின்வரிசைக்குத் தெரிகிறதா? தெரிகிறது என்கிறார் ஒருவர். நல்லது. மறைக்கிற வேலை மிச்சம்.

‘சிறிய டர்போ பெட்ரோல் இன்ஜின்: நம்பகமும் பராமரிப்பும்’ என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறீர்கள். நான்கு பக்கம் எழுதி வந்தேன். அது சட்டைப்பையிலேயே இருக்கட்டும். பாடம் நடத்த நான் வரவில்லை. பட்ட பயத்தைப் பகிர வந்திருக்கிறேன்.

என் அக்கா ஒரு நர்ஸ். மலைமேல் இருக்கும் மருத்துவமனையில் வேலை. அவள் கார் வாங்கி ஆறு ஆண்டு. மூன்றே சிலிண்டர், அதன் தோளில் காற்றை அழுத்தித் தள்ளும் ஒரு டர்போ. நத்தைக் கூடு போன்ற அந்தச் சின்ன ஓட்டுக்குள் ஒரு சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதைத் தாங்குவது எது? இரும்பா? இல்லை. எஃகா? இல்லை. தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம். அந்தக் காரில் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டும் எண்ணெயில் நனைந்தபடியே ஓடும் ரகம். ஆக, எண்ணெய்தான் அதற்கு உயிர், எண்ணெய்தான் அதற்கு உறுதி, எண்ணெய் கெட்டால் எல்லாமே இறுதி.

ஒரு திங்கட்கிழமை அக்கா என் பட்டறைக்கு வந்தாள்.

“தம்பி, வளைவுல திரும்புறப்போ சிவப்பு ஆயில் விளக்கு ரெண்டு நொடி எரிஞ்சு அணையுது. காலைல பிரேக்கும் கொஞ்சம் கட்டியா இருக்கு.”

“காலைல உனக்குக் காலே கட்டியாத்தான் இருக்கும்” என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அளவுக்கம்பியை உருவிப் பார்த்தேன், எண்ணெய் இருந்தது. கணினியை மாட்டினேன், எண்ணெய் அழுத்தம் என்று ஏதோ காட்டியது.

“சென்சார்தான்கா. மாத்திட்டேன். தைரியமா போ.”

இருபத்திரண்டு வருட அனுபவம் பேசிய பேச்சு அது. அகந்தை பேசிய பேச்சு அது. இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் அடித்தொட்டியைக் கழற்றிப் பார்க்க அரைநாள் ஆகுமே என்ற அலுப்பு பேசிய பேச்சு அது.

அதே வாரம் வியாழக்கிழமை மதியம் எங்கள் ‘ஹாரன்’ வந்தார். வாடகைக் கார் ஓட்டுபவர். ஹாரனே அடிக்க மாட்டார், அதனால் அந்தப் பெயர். அதோ, நான்காம் வரிசையில் எழுந்து கும்பிடுகிறார். உட்காருங்கள் ஐயா. அவர் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். இன்ஜின் இறுகிப்போயிருந்தது. அடித்தொட்டியைக் கழற்றினேன். எண்ணெய் உறிஞ்சும் சல்லடையில் ஒரு கண்கூடத் தெரியவில்லை. டீ வடிகட்டியில் தூள் அப்பியதுபோல, கறுப்பாக, ஈரமாக.

“என்ன இது?” என்றார் ஹாரன்.

“பெல்ட்டு. துகளா உதிர்ந்து வந்து அடைச்சிருக்கு. விளக்கு எரிஞ்சுதா?”

“வளைவுல மட்டும். ரெண்டு நொடிதான்.”

அக்கா சொன்னதும் அதேதான். அதே இன்ஜின். அதே ஆண்டு. அந்தத் துகள் சல்லடையோடு நிற்குமா? பிரேக்குக்கு வலுக் கொடுக்கும் வேக்குவம் பம்புக்கும் அதே எண்ணெய்தான் போகிறது. பிரேக் கட்டியாக இருக்கிறது என்றாளே. நான் நையாண்டி பண்ணினேனே.

மணி நாலு பத்து. அக்கா நாலு மணிக்கு வேலை முடித்து, பள்ளிக்கூடத்திலிருந்து மகளையும் ஏற்றிக்கொண்டு மலை இறங்கும் நேரம். போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொடாதவள் அவள். அந்த நல்ல பழக்கத்தை அன்று நான் சபித்தேன்.

ஹாரனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கை விரட்டினேன். பன்னிரண்டு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் முதலில் தடுப்புச்சுவர் உடைந்திருக்கிறதா என்று பார்த்தேன். பிறகுதான் சாலையைப் பார்த்தேன். நான்காவது வளைவு, சுவர் முழுதாக இருந்தது. ஐந்தாவது, இருந்தது. ஆறாவதில் பள்ளத்தைப் பார்க்கத் துணியாமல், “நீங்க பாருங்க” என்றேன். “ஒண்ணுமில்ல, போங்க” என்றார் ஹாரன். அவர் குரலும் சரியாக இல்லை.

தாய்மார்கள் பக்கமிருந்து, ‘குழந்தை?’ என்று ஒரு குரல். சொல்கிறேன் அம்மா. அன்று எனக்கும் அந்த ஒரு சொல்தான் நெஞ்சில் ஓடியது.

எட்டாவது வளைவில் கார் நின்றிருந்தது. மலைப்பக்க வாய்க்காலில் மூக்கைக் குத்தி, ஒரு சக்கரம் அந்தரத்தில். அக்கா வெளியே கல்லில் உட்கார்ந்திருந்தாள். இடது மணிக்கட்டு முறிந்து தொங்கியது. மடியில் மகள், கீறல்கூட இல்லாமல்.

“பெடல் கல்லு மாதிரி ஆயிடுச்சுடா. ரெண்டு காலையும் வச்சு மிதிச்சேன், நிக்கல. கியரை இறக்கி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கமா விட்டுட்டேன். அந்தப் பக்கம் போயிருந்தா...”

அக்கா என்னைத் திட்டவில்லை. ஒன்பது வயது மருமகள்தான் நிமிர்ந்து கேட்டாள்: “மாமா, நீங்க சரி பண்ணிட்டீங்கன்னு அம்மா சொன்னாங்களே?”

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அன்றிலிருந்து விளக்கு ஒரு நொடி எரிந்தது என்று யார் சொன்னாலும் அடித்தொட்டியைக் கழற்றாமல் வண்டியை விடுவதில்லை. ஓட்டுநர்களே, அந்த விளக்கு எரிந்தால் ஓரம் கட்டுங்கள், இன்ஜினை அணையுங்கள், அங்கிருந்தே அழையுங்கள். கையேட்டில் சொன்ன எண்ணெயை மட்டும் ஊற்றுங்கள். சொன்ன தூரத்துக்கு முன்பே மாற்றுங்கள். மேடேறி வந்ததும் சாவியைத் திருப்பிவிடாமல், டர்போ தணிய ஒரு நிமிடம் கொடுங்கள். பெல்ட்டின் கெடு முடியும்வரை காத்திருக்காதீர்கள். பயப்படுங்கள். பயந்தவன் கழற்றிப் பார்க்கிறான்; பயமில்லாதவன் சென்சார் மாற்றுகிறான்.

என் பட்டறைப் பதிவேட்டைப் புரட்டினேன். அதே இன்ஜின் உள்ள வண்டிகள் பத்தொன்பது. எல்லோருக்கும் போன் செய்து, “என் தப்பு, வண்டியைக் கொண்டுவாங்க” என்றேன். பதினெட்டு வந்தன. ஆறில் சல்லடை பாதி அடைத்திருந்தது.

ஒன்று வரவில்லை. ஓர் ஓவிய ஆசிரியர். அவருக்கும் நான் சென்சார்தான் மாற்றிக் கொடுத்தேன். அவர் எண் இப்போது உபயோகத்தில் இல்லை. வீட்டைக் காலி செய்து ஏழு மாதம் ஆகிறதாம். எங்கே போனார் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

சாம்பல் நிறக் கார். வலது பின்கதவில் நீளமாக ஒரு கீறல். பின்சீட்டில் எப்போதும் சுருட்டிய படத்தாள்கள். உங்களில் யார் பட்டறைக்காவது அவர் வரலாம். ‘விளக்கு ரெண்டு நொடி எரியுது’ என்று சாதாரணமாகச் சொல்லலாம். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அவரைப் போகவிடாதீர்கள். சாவியை வாங்கி வைத்துக்கொண்டு எனக்குச் சொல்லுங்கள்.

இதைக் கேட்கத்தான் இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன். இடம் தந்த சங்கத்துக்கும், காது கொடுத்த உங்களுக்கும் நன்றி. வளைவுகளில் மெதுவாகப் போங்கள். வணக்கம்.